மதியம் ஒன்று முதல் இரண்டு வரை

எங்கள் அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்று முதல் இரண்டு வரை. ஜப்பானில் அப்போது சாயங்காலம் நாலரை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பதினைந்து நாட்களுக்கு, அந்த ஒரு மணி நேரம் நான் சிவகாசியில் இருப்பதில்லை. டிபன் பாக்ஸ் திறந்திருக்கும், தயிர் சாதம் பாதியில் நிற்கும், தண்ணீர் பாட்டிலில் செல்போன் சாய்ந்திருக்கும். அதற்குள் சுமோ வட்டத்தில் இரண்டு பெரிய உடம்புகள் குனிந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்.

"ஆரம்பிச்சிட்டான்யா குண்டன் குஸ்தி" என்பான் பிளேட் போடும் செக்‌ஷனில் இருக்கும் என் நண்பன். ஐந்து வருடத்துக்கு மேலாக அதே வசனம்தான். இன்றுவரை அவனுக்கு அது அலுக்கவில்லை.

நான் டிடிபி வேலை பார்க்கிறவன். ஊரில் பாதிப்பேரைப் போல எனக்கும் காலண்டர்தான் சோறு போடுகிறது. நடுவில் போஸ்டர் வரும், கட்சி நோட்டீஸ் வரும், நடிகர் பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றத்துக்காரர்கள் வருவார்கள். ஐபிஎல் சமயத்தில் மஞ்சள் மை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் மாரியம்மன் கோவில் திருவிழா என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆக, ஊரார் தலைவர்களையும் தலைகளையும் தளபதிகளையும் நாள்முழுக்க வெட்டி ஒட்டி, முகத்தில் பரு இருந்தால் எடுத்து, பின்னால் ஒளிவட்டம் வைத்துக் கொடுப்பது என் வேலை. என் ஆளுக்கு ஒரு பிட் நோட்டீஸ் அடிக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

என் ஆள் பெயர் டெருனோஃபுஜி. மங்கோலியாவில் பிறந்து ஜப்பானுக்குப் போய் சுமோ மல்லர் ஆனவர்.

2020 ஜூலை. அரைச் சம்பளம். அச்சகம் திறந்திருந்தும் மெஷின் ஓடவில்லை. ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் போட்டால்தான் எங்களுக்கு வருடமே தொடங்கும். அந்த வருடம் ஆல்பம் போடுவதா வேண்டாமா என்று முதலாளிமாருக்கே தெரியவில்லை. காலண்டர் கொடுக்கிற நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் கடையைத் திறந்தால்தானே! தூக்கம் வராமல் ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்ட ஒரு ஆள் கண்ணில் பட்டார். அரங்கத்தில் ஆட்கள் குறைவு. கொரோனாவுக்காகக் கத்தக் கூடாது, கைதட்ட மட்டும் அனுமதி. அதனால் இரண்டு பேரும் மோதும் சத்தம் தனியாகக் கேட்டது. பேப்பர் ரீம் கட்டை லாரியிலிருந்து தரையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம்.

யார் இந்த ஆள் என்று தேடிப் படித்தேன். 2015-இல் ஓசெகி ஆனவர். ஓசெகி என்றால் உச்சிக்கு ஒரு படி கீழே. அதற்கு மேல் யொகோசுனா ஒன்றுதான். பிறகு முழங்கால் போனது, சர்க்கரை வியாதி வந்தது, மாதக்கணக்கில் ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. சுமோவில் இறங்காவிட்டால் தோற்ற கணக்குத்தான், தரவரிசையில் இறக்கிக்கொண்டே போவார்கள். மொத்தம் ஆறு பிரிவு. இவர் 2019-இல் ஐந்தாவது பிரிவு வரை போய்விட்டார். முன்னாள் ஓசெகி ஒருவர் அவ்வளவு கீழே போய் மறுபடி ஆடியது அதற்கு முன் கிடையாது. மேல் இரண்டு பிரிவுக்காரர்களுக்குத்தான் மாதச் சம்பளம். கீழே இருப்பவர்களுக்கு அது இல்லை, பட்டுக் கச்சை இல்லை, உப்பு எறிகிற உரிமைகூட இல்லை. விட்டுவிடுகிறேன் என்று குருவிடம் பலமுறை கேட்டாராம், குரு விடவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு பிரிவாக ஏறி, அந்த ஜூலையில்தான் முதல் பிரிவுக்குத் திரும்பியிருந்தார், கிட்டத்தட்டக் கடைசி இடத்தில்.

போட்டியின் கடைசி நாள் ஆகஸ்ட் 2. ஆடிப்பெருக்கும் அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு, தெருவில் நாய் மட்டும். டெருனோஃபுஜி 13 வெற்றி, 2 தோல்வி என்று கோப்பையை வாங்கிவிட்டார். வீட்டுக்குள் நான் எழுந்து நின்றதைப் பார்த்து மனைவி, ஏதோ சம்பளம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

அப்புறம் என்ன, மாட்டிக்கொண்டேன். ஆட்டம் ரொம்பச் சுலபம். 4.55 மீட்டர் விட்டத்தில் ஒரு மண் வட்டம். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் தோல்வி. உள்ளேயே உள்ளங்காலைத் தவிர உடம்பில் எது தரையில் பட்டாலும் தோல்வி. எடைப் பிரிவு கிடையாது. நூறு கிலோ ஆள் நூற்றெழுபது கிலோ ஆளோடு மோதியாக வேண்டும். மோதுவதற்கு முன் உப்பை அள்ளி வீசுவார்கள், காலைத் தூக்கி மிதிப்பார்கள், முறைப்பார்கள், திரும்பிப் போய் மறுபடி உப்பு. மேல் பிரிவில் இதற்கே நான்கு நிமிடம்.

"நாலு நிமிசம் உப்பு எறிஞ்சு நாலு செகண்டுல முடியிற ஆட்டமாடா மாப்ள? தூத்துக்குடிக்காரன் பாத்தா சந்தோசப்படுவான்" என்றான் நண்பன். அந்த நான்கு நிமிடம்தான் ஆட்டமே என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். கடைசி உப்புக்குப் போகும்போது ஒருவன் துண்டால் முகத்தைத் துடைக்கும் விதம் மாறும், இன்னொருவன் தன் தொடையைத் தானே அறைந்துகொள்வான், கூட்டத்தின் சத்தம் ஒரு சுருதி ஏறும். சொல்லச் சொல்ல அவன் என் டிபன் பாக்ஸிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

மல்லர்கள் கட்டுகிற கச்சையை ஜட்டி என்றும் சொல்வார்கள். அது ஜட்டி இல்லை, மவாஷி. சுமார் 9 மீட்டர் துணி. மடிசார் கட்டுகிற பாட்டிகளின் புடவைகூட அவ்வளவு நீளம் வராது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இப்போதெல்லாம் சொல்வதில்லை.

இதில் எனக்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. யொகோசுனா இறங்குவது கடைசி ஆட்டத்தில். அப்போது இங்கே மணி இரண்டே கால் தாண்டியிருக்கும். நான் டெஸ்க்கில் உட்கார்ந்து யாருடைய புதுமனைப் புகுவிழாவுக்கோ எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருப்பேன். டெருனோஃபுஜி கீழ் வரிசையில் இருந்தவரை சாப்பாட்டு நேரத்திலேயே ஆடிவிடுவார். அவர் ஜெயித்து ஜெயித்து மேலே போகப் போக அவர் ஆட்டம் என் இரண்டு மணியைத் தாண்டிப் போய்விட்டது. 2021-இல் எழுபத்து மூன்றாவது யொகோசுனா ஆனார். அன்றிலிருந்து அவரை நேரலையில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாளெல்லாம் ராத்திரி ஜப்பான் டிவியான என்ஹெச்கே வேர்ல்டில் வரும் சுருக்கம்தான். அதற்குள் முடிவு தெரிந்துவிடாமல் இருக்க எனக்கு ஒன்றும் பாடு இல்லை. இந்த ஊரில் யார் வந்து சொல்லப் போகிறார்கள்? ஐபிஎல் ரசிகனுக்கு இந்த வசதி கிடையாது பாருங்கள்.

வெற்றி தோல்வியை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். ஜெயித்தால் வெள்ளை வட்டம், தோற்றால் கருப்பு வட்டம், ஜப்பானில் போடுவது போலவே. பதினைந்து கட்டம், அதில் எட்டு வெள்ளை வந்தால் பிழைத்தார், எட்டு கருப்பு வந்தால் இறங்கினார். ஒருநாள் மனைவி இந்த நோட்டை எடுத்துவிட்டாள். வாய்க்குள் நுழையாத பெயர்களைக் குறிப்பெழுத்தில் எழுதி, பக்கத்தில் வட்டம் வட்டமாக, கீழே கூட்டல். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் அம்மாவுக்குப் போன் போட்டு, "அத்தை, உங்க பையன் சீட்டு விளையாடுறாரா இல்ல யாருக்கும் தெரியாம சீட்டுப் பிடிக்கிறாரான்னு கேளுங்க" என்றாளாம். உண்மையைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் கூடியது. சீட்டென்றால்கூட ஒரு காரணம் இருக்கிறது என்றாள்.

ஒரே ஒருமுறை அச்சகத்தில் ஒரு ஆள் கிடைக்கப் பார்த்தார். எங்கள் மெஷின்மேன் அண்ணன், இளவயதில் ஊர் டீமில் கபடி ஆடியவர். உரா என்று ஒரு மல்லர், இளஞ்சிவப்புக் கச்சை கட்டுவார், மற்றவர்கள் மார்பில் மோத இவர் காலுக்குப் பாய்வார். அண்ணன் கை கழுவிவிட்டு என் பின்னால் போகும்போது சரியாக உரா எதிராளியின் காலை அள்ளிக்கொண்டு உருண்டார்.

"ஏய், நிறுத்து. திருப்பிப் போடு."

போட்டேன். மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். "இது நம்ம கபடிப் பிடிதான தம்பி! கணுக்காலைப் பிடிக்கறதுக்கு முன்னாடி தோளைக் குடுக்குறான் பாரு. எவனோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கான்." எனக்கு நெஞ்செல்லாம் அடித்துக்கொண்டது. 82 வகைப் பிடி இருக்கிறது அண்ணே, இதற்கு அஷிடோரி என்று பெயர், இவருக்கும் முழங்கால் போய் ஐந்தாம் பிரிவு வரை இறங்கித் திரும்பி வந்தவர்தான் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, இதுக்கு எத்தன பாயிண்ட்?" என்றார். பாயிண்ட் எல்லாம் கிடையாது, ஜெயித்தால் ஜெயித்தது என்றேன். "பாயிண்ட் இல்லாம என்ன ஆட்டம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவசரப்பட்டு அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கக் கூடாது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஆட்டத்தைப் போட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

2024 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. பிளேட் நண்பனின் மகளுக்கு இருக்கன்குடியில் மொட்டை, காதுகுத்து. வெள்ளிக்கிழமைதான் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே முதல் மேட்ச் ஆடி ஆர்சிபியை ஜெயித்திருந்தது. தோனி கேப்டன் பதவியை விட்டுக்கொடுத்த துக்கமும் ஜெயித்த சந்தோஷமும் கலந்து பந்தியில் ஒரே பேச்சு. எனக்கோ ஒசாகா சுமோ போட்டியின் கடைசி நாள். டகெருஃபுஜி என்று ஒரு பையன், முதல் பிரிவில் அதுதான் அவனுக்கு முதல் போட்டி, அதிலேயே கோப்பைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். டெருனோஃபுஜியின் பயிற்சிக்கூடத்துப் பையன்தான். ஆனால் முந்தின நாள் தோற்று, வலது கணுக்காலும் போய், சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். கடைசி நாள் வருவானா மாட்டானா என்று எனக்கு ராத்திரியெல்லாம் புரட்டல்.

வந்தான். இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவன் வட்டத்துக்குள் ஏறினான். எதிராளி கோனோயாமா. காலை நொண்டிக்கொண்டு ஏறியவன், மோதிய பிறகு நொண்டவே இல்லை. தள்ளித் தள்ளி வெளியே போட்டுவிட்டான். முதல் போட்டியிலேயே கோப்பை, 1914-க்குப் பிறகு, 110 வருடம் கழித்து. நான் "டேய்ய்" என்று கத்திவிட்டேன். பந்தி முழுக்க திரும்பிப் பார்த்தது. பரிமாறுகிற பையன் பயந்து வாளியை இழுத்துக்கொண்டான். "என்னாச்சு மாப்ள, யார் அவுட்டு?" என்று எதிர் இலைக்காரன் ஆவலாகக் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி அப்பளத்தை நொறுக்கினேன். அந்த இடத்தில் எனக்கு வேண்டியது என்னவென்றால், "பாத்தியா!" என்று சொன்னதும் "பாத்தேன்டா!" என்று திருப்பிச் சொல்ல ஒரு ஆள். அவனுக்கு டகெருஃபுஜி பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கோனோயாமா கட்சிக்காரனாக இருந்து என்னைத் திட்டியிருந்தாலும் போதும்.

2025 பொங்கல் முடிந்த கையோடு டெருனோஃபுஜி ஓய்வு அறிவித்துவிட்டார். பத்துக் கோப்பை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை, பத்தாவதை முந்தின ஜூலையில் வாங்கிவிட்டிருந்தார். முழங்கால் அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. டீக்கடையில் என் முகத்தைப் பார்த்து நண்பர்கள் என்னடா என்றார்கள். "ஒருத்தர் ரிட்டயர் ஆயிட்டார்" என்றேன். "யாரு, உங்க மாமாவா? மின்சார வாரியத்துல இருந்தாரே" என்றான் ஒருவன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எல்லோரும் மாமாவுக்கு வரப்போகும் பணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். மாமாவுக்கு இன்னும் நாலு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

தனியாக ரசிக்கிறவனுக்கு இன்னொரு தொல்லை, அந்த ஆட்டத்தில் உள்ள அத்தனை குற்றத்துக்கும் அவன் ஒருவனே பதில் சொல்ல வேண்டும். சிஎஸ்கேயைத் திட்டினால் சண்டைக்கு நூறு பேர் வருவார்கள், நம்மவன் பின்னால் நின்றுகொள்ளலாம். எனக்கு அப்படி யார்? "அந்த மண்ணுல பொம்பளைங்க கால் வைக்கக் கூடாதாமே?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். எங்கேயோ படித்திருக்கிறாள். 2018-இல் மைசுரு என்ற ஊரில் அந்த வட்டத்தில் ஏறிப் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழுந்து, முதலுதவி செய்ய ஏறிய பெண்களை ஒலிபெருக்கியில் கீழே இறங்கச் சொன்னார்கள். சுமோ சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார், விதியை மாற்றவில்லை. நான் என்ன சொல்ல? தப்புத்தான் என்றேன். "தப்புன்னு தெரிஞ்சும் பாக்குறீங்க" என்றாள். பார்க்கிறேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை, அவள் பார்க்கிற சீரியல்களில் நடப்பதை நானும் கேட்பதில்லை.

மனைவியின் சித்தி மகன் கம்பெனி வேலையாக டோக்கியோவில் இருந்தான். 2025 பிப்ரவரியில் லீவுக்கு வருமுன், அத்தான் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டான். கேமரா கேட்பேன் என்று நினைத்திருப்பான். ஒரு தாள் வேண்டும் என்றேன். பன்சுகே. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அச்சிடும் தரவரிசைத் தாள், அப்போது விலை 55 யென், நம் காசுக்கு முப்பது ரூபாய் வந்தது. ஜனவரி போட்டியினுடையதுதான் வேண்டும் என்று நாலு தடவை சொன்னேன். டெருனோஃபுஜியின் பெயர் மல்லராக வந்த கடைசித் தாள் அது. மடித்துத்தான் விற்கிறார்கள், அந்த மடிப்பு நைந்துவிடாமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான், நல்ல பையன்.

அதை அச்சகத்தில் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே விரித்து வைத்தேன். கருப்பு வெள்ளை. சுமார் அறுநூறு மல்லர்களின் பெயர், ஐந்து அடுக்கில், இரண்டாம் மூன்றாம் பிரிவுக்குச் சேர்த்து ஒரே அடுக்கு. மேலே கொட்டை எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து, நான்காம் ஐந்தாம் அடுக்கில் தலைமுடி தடிமன்தான். அதைச் சும்மா படிக்க முடியாது. அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸை வைத்தால்தான் தெரியும்.

எங்கள் அச்சகத்துக்கு ஒரு பழைய ஆர்ட்டிஸ்ட் வருவார். எழுபது வயதுக்கு மேல். கம்ப்யூட்டர் வருமுன் காலண்டர் தலைப்பெல்லாம் பிரஷ்ஷால் எழுதியவர். எங்களைப் போன்ற டிடிபிக்காரர்கள் மேல் அவருக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு, அதில் நியாயமும் உண்டு. முதலாளியைப் பார்க்க வந்தவர் என் மேசையைக் கடக்கும்போது நின்றார்.

"இது யார் எழுத்து தம்பி?"

சுமோ என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அது கெடக்கட்டும். எழுதினது யாரு?"

வட்டத்துக்குள் நடுவராக நிற்பவர்கள்தான் எழுதுகிறார்கள் என்றேன். "அம்பயரா எழுதுறான்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் தூக்கச் சொன்னார். லென்ஸை வாங்கிக்கொண்டு மேல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தார். பெயருக்கு மேலே சொந்த ஊர் போட்டிருக்கும் என்றேன், "கல்யாணப் பத்திரிகை மாதிரி" என்றார். எழுத்துக்கு நடுவில் வெள்ளையே தெரியாமல் இப்படி அடைத்து எழுதுவது அரங்கில் காலி இடமே இருக்கக்கூடாது என்பதற்காகவாம் என்றேன், "ம்ம்" என்றார். இரண்டு மணி அடித்து எல்லோரும் மெஷினுக்குப் போயாயிற்று. அவர் நான்காம் அடுக்கில் இருந்தார்.

"இவ்வளவு பொடியா எழுதுனவன் கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

இல்லை ஐயா, கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரிய தாளில் எழுதிச் சுருக்குவார்கள் என்றேன். அப்போதுதான் சமாதானமானார். "உன் ஆளு எங்கருக்கான்?" வலது கோடியில், மேலே, தடித்த எழுத்தைக் காட்டினேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் படமாகத் தெரியும், அடியில் வரிசையாக நான்கு புள்ளி இருக்கும். நடுவில் காலொடிந்து நீங்கள் இப்போது லென்ஸ் வைத்திருக்கிற அடுக்குவரை போய் வந்தவர் என்றும் சொன்னேன். லென்ஸை அந்த அடுக்கிலிருந்து மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டே போய் அந்தப் பெரிய எழுத்தின் மேல் வைத்தார்.

"நாலு புள்ளியில முதல் புள்ளி மட்டும் எதிர்ப்பக்கம் சாயுது, பாத்தியா?"

பார்த்தேன். ஐந்து வருடமாகப் பார்க்கிறேன், அதைப் பார்த்ததில்லை.

வேஸ்ட் தாள் ஒன்றைக் கேட்டார். என் மார்க்கரை எடுத்து, முனையைச் சாய்த்துப் பிடித்து, அந்த எழுத்தை எழுதினார். திருப்தியில்லை. மறுபடி. ஐந்தாவது தடவைதான் தலையை ஆட்டினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. "அடுத்த தாள் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார், நான் இணையத்திலிருந்து படத்தை இறக்கி ஏ-3-இல் எடுத்து வைத்திருப்பேன். ஆட்டம் பார்க்கிறீர்களா ஐயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அந்தத் தொந்தியையெல்லாம் எவன் பார்ப்பான் என்கிறார்.